கற்பூரம் வாங்கிய நண்டு

“கற்பூரம் காட்டினதை உடைச்சு அடுப்புல வைக்கச் சொல்றியே, நீயெல்லாம் அண்ணாமலையார் ஊர்ல சோறு திங்கறவன்தானா?” என்று வீட்டுச் சொந்தக்காரி சந்திரம்மாள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“அது சாமி இல்லம்மா, நண்டு! மூங்கில், பழைய பேப்பர், மைதா பசை. எங்க கொட்டகைக்காகச் செஞ்சது!” என்று டூரிங் சினிமாக் கொட்டகை மேனேஜர் சக்கரபாணி அவளுக்கு மேலே கத்தினார். “டேய் சடையா, உள்ள இன்னாடா பண்ற? கதவைத் தெற!”

கதவு திறக்கவில்லை. டிக்கெட் இல்லாத ஆட்டம் வாசலிலேயே நடந்தால் யாருக்குத்தான் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளும்? பாதித் தெரு உலையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றது.

உள்ளே சடையன் நண்டின் இரண்டு கால்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். மேனேஜரிடம் அவனுக்குப் பயமில்லை. வீட்டுச் சொந்தக்காரியிடமும் அத்தனை பயமில்லை. இந்த நண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நாளைச் சாயந்திரம் இந்த வாசற்படியை யார் மிதிப்பார்கள்? கவலை அது ஒன்றுதான்.

நண்டு வந்த கதையைச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. எழுபத்தைந்தில், செங்கம் ரோட்டுப் பக்கம் போட்டிருந்த அந்தக் கொட்டகைக்கு ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. கப்பல் உடைந்து ஐந்தாறு பேர் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அங்கே மாட்டுவண்டி நீளத்துக்கு ஓணான், தேர் உயரத்துக்குப் பறவை, வீட்டைப் போல ஒரு நண்டு. பேசுவதில் ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்தும் போகவில்லை. தூரத்தில் போகிற கப்பலுக்குத் தெரியட்டும் என்று அவர்கள் மலை உச்சியில் தீ மூட்டியதும், தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து நின்று ‘அரோகரா’ என்றது. பெண்கள் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த வெள்ளைக்காரர்கள் எதற்காக இவ்வளவு பக்தியாக இருக்கிறார்கள் என்று படம் முடிந்தும் பேச்சு.

சடையன் அந்தக் கொட்டகையின் விளம்பர ஆள். நாற்பதைத் தாண்டிவிட்டான். தகரக் குழலை வாயில் வைத்துக் கூவினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அவன்தான் மூங்கிலை வளைத்து நண்டைக் கட்டினான். சிவப்புப் பெயிண்ட் அடித்து, தேங்காய்க் கொட்டாங்கச்சியில் கண் வைத்து, தள்ளுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகத் தள்ளினான். ‘வாங்க, வாங்க, குடும்பத்தோட வாங்க!’ என்று ஊரையெல்லாம் கூப்பிட்டான். அவன் வீட்டுக்கு மட்டும் யாரும் வந்ததில்லை. அடி அண்ணாமலையில் இருந்த அண்ணன்மார் பாகம் பிரித்ததோடு சரி, கல்யாணத்துக்குக்கூடச் சொல்லி அனுப்புவதில்லை. ஓட்டலில் சாப்பாடு, அறையில் தூக்கம். குழலை இறக்கிவிட்டால் அவனுக்குக் குரலே வராது என்று தெருவில் சொல்வார்கள். கேலிக்குச் சொன்னதுதான், ஆனால் உண்மை.

ஒரு பௌர்ணமியன்று அடி அண்ணாமலைக் கோயில் அருகே வண்டியை நிறுத்திவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். மலை சுற்ற வந்த கும்பகோணத்துப் பக்கத்து அம்மாள் ஒருத்தி நண்டைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர்கள் ஊர்ப் பக்கம் நண்டு பூஜை செய்த சிவன் கோயில் ஒன்று உண்டு. இங்கேயும் நண்டு வாகனம் புறப்பாடு போலிருக்கிறது என்று கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். ஒருத்தர் கொளுத்தினால் போதாதா? பின்னால் வரிசை நின்றுவிட்டது.

சடையன் திரும்பி வந்தபோது நண்டு கழுத்தில், கழுத்து என்று ஒன்று இருந்தால், சாமந்தி மாலை. நெற்றியில் குங்குமம். ‘இது சினிமா விளம்பரம்மா’ என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அந்த அம்மாள் அவன் கையில் தேங்காய் மூடியைத் திணித்து, “நீங்கதான் பூசாரியா? ஏன் முகம் வாடியிருக்கு, சாப்பிட்டேளா?” என்று கேட்டாள்.

கடைசியாக யார் அவனை அப்படிக் கேட்டார்கள் என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

படம் ஓடி முடிந்ததும் நண்டைத் தன் வாடகை அறைக்கே கொண்டுவந்தான். கால்களை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்த் திரும்பக் கட்டினான். பாதி அறை அதற்கு, மீதியில் பாய். முதலில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தன. பிறகு விளக்கோடு பெண்கள். கடக ராசிக்காரர்களுக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட, மற்ற ராசிக்காரர்களும் எதற்கு விடுவானேன் என்று வந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வண்டியும் நண்டும் கொட்டகைச் சொத்து என்று சக்கரபாணி வந்து கத்தினார். கத்தியதெல்லாம் வீண். ‘அப்படின்னா நீயே உடைய்யா’ என்று சந்திரம்மாள் அரிவாளை நீட்டியதும் மனுஷன் இரண்டடி பின்னால் போனார். “வண்டி மட்டும் போதும். அந்தச் சனியனை நீங்களே வெச்சுக் கும்பிடுங்க” என்று தள்ளுவண்டியோடு நடையைக் கட்டினார். சடையன் உள்ளே மூச்சு விட்டான்.

வந்தவர்களில் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். குறையாமல் வந்தவள் ஜோதியம்மாள். நான்கு வீடு தள்ளி அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். பம்பாய்க்குப் போன புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். இவள் அண்ணிக்கு அடுப்பூதிக்கொண்டிருந்தாள். சாயந்திரமானால் விளக்கோடு வந்து நண்டின் முன்னால் உட்கார்ந்து, அன்றைய கணக்கை அதனிடம் சொல்வாள்.

“அண்ணி இன்னிக்கு உப்பு ஜாஸ்தின்னு தட்டைத் தள்ளிட்டா. நேத்து கம்மின்னா. அவ நாக்குக்கு நான் தராசா வெச்சிருக்கேன்?”

சடையன் வாசலில் உட்கார்ந்து, நசுங்காத குழலைத் தட்டித் தட்டி நிமிர்த்திக்கொண்டிருப்பான். சந்திரம்மாள் தண்ணீர் எடுக்க என்று எத்தனை தடவை அந்தப் பக்கம் போனாலும், இவன் வெளியே, அவள் உள்ளே, நடுவில் நண்டு. பார்க்க ஒன்றுமே இல்லையே என்று அவளுக்கே ஏமாற்றம். ஆனால் சடையன் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்ததையும், மத்தியானமே அறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்ததையும் அவள் பார்க்காமல் இல்லை.

ஒரு சாயந்திரம் ஜோதியம்மாள் நண்டிடம் சொன்னாள்: “பெங்களூர்ல எங்க அக்கா வந்துடுன்னு ஆள் அனுப்பியிருக்கா. போகட்டுமா? வேணாம்னு சொல்ல இங்க எனக்கு யாரு இருக்கா?” விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, திரும்பாமலே, “கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? நண்டுதான் பேசாது” என்றாள்.

சடையன் சொல்லவேண்டியது ஒன்றுதான். ‘போவாதே’ என்கிற ஒரு வார்த்தை. கையில் குழல் இருந்தது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்கும்தான் வருவாளே என்று இருந்துவிட்டான்.

அங்கேதான் சந்திரம்மாள் காரியத்தைக் கெடுத்தாள். அவள் மகள் தனத்துக்குச் செங்கத்திலிருந்து வரன் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசல் அறையில் ராட்சச நண்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கற்பூரத்துக்காகக் கட்சி கட்டியவள் ஒரே ராத்திரியில் கட்சி மாறினாள்.

“பிள்ளையாரை ஏரியில கொண்டுபோய் விடறோமில்ல? அந்த மாதிரி விட்டுடலாம். நண்டுக்கும் தண்ணிதானே வீடு” என்றாள். தெரு ‘இது ஏன் முன்னாடியே தோணலை’ என்று தலையாட்டியது.

“இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேம்மா” என்றான் சடையன்.

“எதுக்குய்யா? வளைகாப்பு பண்ணி அனுப்பப் போறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, மேளத்தோடு, நண்டு சமுத்திரம் ஏரிக்குப் புறப்பட்டது. கொட்டகை வண்டியை சக்கரபாணியே இரவல் தந்தார். ஓசியில் விளம்பரமாகட்டும் என்று அடுத்த படத்தின் போஸ்டரை அதன் பக்கத்தில் ஒட்டியும் இருந்தார். சடையனை முன்னால் நடக்கவிட்டுக் குழலில் கூவச் சொன்னார்கள். ‘வாங்க, வாங்க’ என்று கூவினான். ஊர் வந்தது.

நண்டு சீக்கிரம் முழுகவில்லை. சிவப்புச் சாயம் தண்ணீரில் பிரிந்தது, பசை விட்டது, பேப்பர் உரிந்தது. கொட்டாங்கச்சிக் கண் ஒன்று தனியே மிதந்து போயிற்று. மூங்கில் விலா தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. தோலுரிந்த சாமியை எவ்வளவு நேரம் பார்ப்பது?

கரையில் சடையன் நின்றான். கொஞ்சம் தள்ளி ஜோதியம்மாள் கையில் அணைந்த விளக்கோடு நின்றாள்.

“நாளைக்குச் சாயந்திரம் நான் எங்க போறது?” என்று கேட்டாள். இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

வீட்டுக்கு வா என்று சொல்லலாம். நண்டு இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்று சொல்லலாம். நண்டு இல்லாத அறைக்கு, ஒரு ஆம்பளை மட்டும் இருக்கிற அறைக்கு, எந்தச் சாக்கில் கூப்பிடுவது? சடையன் குழலைக் கைமாற்றிப் பிடித்தான். “கொட்டகையில வெள்ளிக்கிழமை புதுப் படம் போடறாங்க” என்றான்.

ஜோதியம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “சரி, போய்ட்டு வரேண்ணே” என்றாள்.

அதுவரை அவள் அவனை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. தெருவில் மற்ற அத்தனை ஆம்பளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளியிருக்கிறாள் என்பது அவள் கரை ஏறிப் போன பிறகுதான் சடையனுக்கு உறைத்தது. தண்ணீரைப் பார்த்தபடி இருட்டும்வரை அங்கேயே நின்றான்.

தனத்துக்குச் செங்கத்து வரனே முடிந்தது. ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். ஜோதியம்மாள் அதற்கு முன்பே பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஊதுவத்தி சுற்றுகிற இடத்தில் மேஸ்திரியாக இருந்த ஒருத்தரைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள் என்று அவள் அண்ணியே சொன்னாள். அந்த அம்மாள் வாயிலிருந்து வந்தால் அது பொய்யாக இருக்க முடியாது, நல்ல சேதியை அவள் இட்டுக்கட்ட மாட்டாள். கொட்டகை போளூருக்குப் போனது, சக்கரபாணி அதோடு போனார், சடையனும் போனான். போளூரில் கொட்டகை மூடின பிறகு ஆரணிப் பக்கம் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். கல்யாணம் ஆயிற்று என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.