பதினொன்றோடு நின்ற வகுத்தல்

என் நண்பன் மைமூன் பிழைக்க மாட்டான் என்று ஃபெஸ் நகரத்து வைத்தியர்கள் இருவரும் கைவிரித்துவிட்டார்கள். அவனுக்கு ஒரே ஆசைதான். தெற்கே பாலைவன ஓரத்துச் சிஜில்மாஸாவில் இருக்கும் அண்ணன் வஜ்ஜாஜ் ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். ஒன்பது வருடம் முன்பு ஒரு பாகப்பிரிவினையில் வஜ்ஜாஜ் பின்னக் கணக்கில் தவறியபோது, பள்ளிவாசலில் ஊரே பார்க்க இவன் வாய்விட்டுச் சிரித்தான். அண்ணன் அன்றே ஊரை விட்டுப் போனார். கணக்கர்களுக்கு ரோஷம் அதிகம், எனக்கும் உண்டு.

மனஸ்தாபம் தீர எங்கள் ஊரில் நேச எண்களை ரொட்டியில் எழுதுவார்கள். 220 எழுதியதை ஒருவர் தின்று, 284 எழுதியதை மற்றவருக்குக் கொடுப்பார். 220ஐ மீதியின்றி வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் 284 வரும். 284க்கு அப்படிக் கூட்டினால் 220 வரும்.

“அதை மீன்காரன்கூட எழுதுறான்,” என்றான் மைமூன். “எங்கண்ணனுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? யாரும் பாக்காத ஜோடியா அனுப்பணும்.”

பழைய விதி ஒன்று உண்டு. அது தரும் மூன்று எண்களும் பகா எண்களாக இருந்தால் ஒரு ஜோடி கிடைக்கும். அவன் எடுத்த மூன்று: 383, 767, 2,94,911. பெரியதை, அதன் வர்க்கமூலத்துக்குள் அடங்கும் 541 வரை, ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். மணல் பலகையை மடியில் வைத்து, இருமிக்கொண்டே நாற்பது நாள் வகுத்தான். எதனாலும் வகுபடவில்லை.

“சின்னது ரெண்டையும் நீ பாத்துடுப்பா. எனக்கு மூச்சு வாங்குது.”

“இதெல்லாம் ஒரு வேலையா? நீ படு.”

383ஐ ஒழுங்காகப் பார்த்தேன். 767க்கு இருபத்துமூன்று வரை பார்க்க வேண்டும்; பதினொன்று வரை வந்தேன், மீதி எட்டு. அதற்குள் உச்சிவேளை நிழலை அளக்கக் கூப்பிட்டார்கள். நான் பள்ளிவாசலில் நேரம் கணிப்பவன். திரும்பி வந்து, “ரெண்டும் பகா எண்தான்” என்றேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

அந்த மூன்றையும் வைத்து விதிப்படி ஜோடியைக் கணக்கிட்டோம். 7,52,02,816 எழுதிய ரொட்டியை மைமூன் சிரமப்பட்டு விழுங்கினான். 7,54,97,216 எழுதிய காய்ந்த ரொட்டி, கணக்குத் தாளோடு ஒட்டகக் கூட்டத்தில் போனது.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன்.

“767ஐப் பதிமூன்றால் வகுத்துப் பார். நேசமில்லாத எண்ணை நேசமென்று அனுப்புகிறாய். உன் கேலி இன்னும் தீரவில்லையா?”

மைமூன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது.

“பதிமூணு... அம்பத்தொம்பது. ஆமா, சரிதான்.” பிறகு, “நான் கேலி பண்ணலன்னு அண்ணனுக்கு யாரு சொல்றது?” என்றான்.

“தப்பு என்னோடது மைமூன். பதினொண்ணோட விட்டுட்டேன். நான் எழுதுறேன்.”

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எழுது. சீக்கிரமா எழுது.”

அழுதுகொண்டே எழுதினேன். சிஜில்மாஸா போய்ச்சேரப் பன்னிரண்டு நாள். மைமூன் ஐந்தாம் நாள் காலையில் இறந்தான். அந்த நேரத்தில் அவன் அண்ணன் அவன்மேல் கோபமாகத்தான் இருந்திருப்பார்.