மூன்றாம் பாட்டுக்கு முந்திய சிரிப்பு

1

இது ஒரு கட்டுரையாகத்தான் வந்திருக்க வேண்டும். யாரும் சீந்தாத ஓர் இசைத்தட்டைப் புகழ்ந்து, சிட்னித் தமிழ் வானொலியில் ஞாயிறு மதியம் பேசினேன். அதையே எழுத்தாக்கினால் போதும் என்றிருந்தேன். இப்போது முதல் வரியே வரமாட்டேன் என்கிறது.

“1968இல், வட இங்கிலாந்தின் ஒரு மண்டபத்தில்...” (பாடப் புத்தகம்.)

“சிரிப்பு என்பது...” (சீச்சீ.)

“தொலைபேசி அடித்தது.” (உண்மை. ஆனால் அதற்கு முன் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.)

2

பிரிட்டிஷ் பையன்கள் அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசை மீது பித்துப்பிடித்து அலைந்த காலத்தில், மேடையிலேயே பதிவான தட்டு. [குழுவின் பெயரைச் சொல்லமாட்டேன். நானே கட்டிவிட்ட குழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.] இரண்டாம் பாட்டில் கிற்றார் சுருதி விலகுகிறது. வாசிப்பவன் அதைத் திருத்தாமல், அந்த விலகலையே பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறான். ஸ்ரூடியோவில் எவனுக்கும் அந்தத் துணிச்சல் வராது. இதைக் கேட்காத விமர்சகர்களுக்குக் காது எதற்கு?

எனக்கு உயிர், மூன்றாம் பாட்டுக்கு முந்திய சிரிப்பு. பாடகன் ஒலிவாங்கியை விட்டு விலகி ஏதோ சொல்கிறான், நமக்குக் கேட்காது. மண்டபமே சிரிக்கிறது. “இதைவிட அன்பான சிரிப்பை எந்தத் தட்டிலும் கேட்டதில்லை” என்று சொல்லி, அதை இரண்டு முறை போட்டேன். பிறகு நேயர்களைப் பேச அழைத்தேன்.

3

“வணக்கம் தம்பி. கிரவீனில இருந்து கதிர்காமநாதன் கதைக்கிறன். அந்தச் சிரிப்பு என்னைப் பாத்துச் சிரிச்சது.”

பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அப்ப நான் அங்க படிச்சுக்கொண்டிருந்தனான். இது தட்டா வந்ததே நீர் மண்டபத்தின்ர பேரைச் சொல்லேக்கைதான் தெரியும். கச்சேரி எண்டபடியால் கோட்டுப் போட்டு, கழுத்தில ரையும் கட்டிப் போனனான். வந்த மற்றச் சனமெல்லாம் கிழிஞ்ச காற்சட்டை. கைதட்ட எழும்பினன். பாட்டுக்காரன் என்னைக் கையால காட்டி, ‘வெயிட்டர், ரெண்டு பியர்’ எண்டான்.”

நேரலை. அன்பான சிரிப்பு என்று இத்தனை பேருக்கு முன் சொல்லியிருக்கிறேன்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்.”

“நீர் என்ன செய்தனீர்? இன்னொருக்காப் போடும், முதல் ரெண்டு தரமும் திகைப்பில வடிவாக் கேக்கேல்லை. பக்கத்தில என்ர சிநேகிதன் மகாதேவன் இருந்தவன். தான் சிரிக்கேல்லை எண்டு இண்டைக்கும் சொல்லுறான். நம்பித்தான் என்ர மகளை அவன்ர மகனுக்குக் குடுத்தனான். எண்டாலும் ஒருக்காக் கேக்கவேணும். அவன் சிரிச்சால் கடைசியில விக்கல் வரும்.”

4

வாசகரே, அந்தச் சிரிப்பு அடங்கும்போது யாரோ

அடங்கும்போது, கிட்டத்தில் ஒரு

விக்கல் இருக்கிறது. நூறு முறை கேட்டிருப்பேன். எனக்குத் தெரியும்.

முடிவு அ: தட்டில் கீறல் என்று பொய் சொல்லி, நகைக்கடை விளம்பரத்தைப் போடுகிறேன்.

முடிவு ஆ: அவர் கேட்டபடியே போடுகிறேன். இரண்டு சம்பந்திகளும் இனிப் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வேறுவேறு நேரத்தில் வருவார்கள்.

முடிவு இ: விக்கியது வேறு எவனோ. (உலகத்தில் விக்குகிறவன் ஒருவன்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நானே நம்பவில்லை.)

5

கண்ணாடிக்கு அப்பாலிருந்து, அழைப்புகளை எடுக்கும் நிரூபா என் காதுக்குள் சொன்னாள்:

“அண்ணா, மற்ற லைனில மகாதேவன் அங்கிள், ஹோம்புஷ்ஷில இருந்து. தட்டைப் போடட்டுமாம். தான் சிரிக்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியட்டுமாம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தான் சிரித்தது அவருக்கே தெரியாது.

அன்று நான் என்ன செய்தேன் என்பதை எழுதமாட்டேன். எழுதினால் என்னைத் திட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். இந்தக் கதிரையில் நீங்கள் வந்து உட்காருங்கள்.

“தம்பி, இருக்கிறீரோ?” என்று கதிர்காமநாதன் கேட்கிறார்.

பதில் சொல்லுங்கள்.