புல்வெட்டியின் நெற்றி

யோகலிங்கம் பொய் சொல்ல மாட்டார். நடந்ததைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வார், அவ்வளவுதான். ஒஸ்லோவில் கால் நூற்றாண்டு பஸ் ஓட்டிய மனிதருக்கு நடந்தவையும் கொஞ்சமல்ல. ஹவுகெட்டோவில் ஒருநாள் அடித்த காற்றில் பஸ் பின்னுக்குப் போன வேகத்தில், முதல்நாள் தவறவிட்ட பயணிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாது. கேட்பவர்கள்தான் அசைவார்கள்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சியது ஒரு சாவி. ஸ்டோவ்னரில் அவர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே ஒரு கொட்டில் உண்டு. அதற்குள் சிவப்புநிறப் புல்வெட்டி ஒன்றும், குளிர்காலத்துக்குப் பனி தள்ளும் இயந்திரம் ஒன்றும் நின்றன. கோடையில் அவர் புல்வெட்டிக்குப் பின்னால் நடந்தால், பல்கனிகளில் இருந்து ஆட்கள் கை காட்டுவார்கள். அவர் எதிரே வரும் பஸ்ஸுக்குச் செய்வதுபோல ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். வாழ்க்கையில் அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவி குன்வோர் ஒரு நியாயமான மனுசி. அதனால்தான் ஆபத்து. இப்போது தானாகவே ஓடிப் புல் வெட்டும் ரோபோ வந்திருக்கிறது, புகை இல்லை, சத்தம் இல்லை என்றார். டுக்னாட் அன்று, அதாவது குடியிருப்பார் எல்லோரும் சம்பளமில்லாமல் முற்றம் கூட்டி, பூக்கன்று நட்டு, பிறகு வாஃபிள் தின்னும் அந்த வசந்தகாலச் சனிக்கிழமை, விற்பனையாளர் ஒருவர் ரோபோவைக் கொண்டுவந்து காட்டுவார். பழைய இயந்திரமும் ஓடட்டும். ஓடினால் இருக்கட்டும். ஓடாவிட்டால் ரோபோவை வாங்கிக்கொண்டு, கொட்டிலைச் சைக்கிள்களுக்கு விட்டுவிடலாம். சாவியும் கைமாறும்.

யோகலிங்கம் அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார். அந்தப் புல்வெட்டி ஒரு வசந்தத்திலும் அவரை ஏமாற்றியதில்லை.

"இஞ்சேருங்கோ, சனிக்கிழமைக்கு முதல் ஒருக்கா இழுத்துப் பாருங்கோவன்" என்றார் மனைவி விமலாதேவி.

"விமலா, அது நான் சொன்னாக் கேக்கும். வீட்டிலை அப்பிடி ஒண்டாவது இருக்கட்டும்."

இந்த இடத்தில் கடந்த ஐப்பசியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் மாடியில் பழனிச்சாமி என்றொருவர் இருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி, மூடிவிட்டு, ஒஸ்லோவில் வேலை செய்யும் மகள் கோதையோடு வந்து தங்கியவர். யோகலிங்கத்தின் கதைகளை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பும் ஒரே மனிதர். அதனால் இருவரும் நண்பர்கள். ஆயுத பூசை நெருங்கியபோது பழனிச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் கும்பிட ஒரு மிக்ஸியும் கோதையின் மடிக்கணினியும்தான் இருந்தன.

"ஏனுங்ணா, கீழ அத்தனாம்பெரிய மிசினு ரெண்டு நிக்குது. பொட்டு வெக்காம உட்டா மனசுல வெச்சுக்குமுங்க."

"எங்கடை பக்கம் வாணி விழாவுக்குப் புத்தகம்தான் வைக்கிறது" என்றார் யோகலிங்கம். பிறகு யோசித்து, "மெஷினுக்கும் செய்வம். அதுக்கும் கொஞ்சம் படிப்பு வரட்டும்" என்றார்.

கொட்டிலில் முதலில் எழுந்த பிரச்சினை, புல்வெட்டிக்கு நெற்றி எது என்பது. பெட்ரோல் தொட்டியின் மூடி என்றார் பழனிச்சாமி.

"அது உச்சி. உச்சியிலை ஆரும் பொட்டு வைப்பினமோ? நெத்தி இந்தா, இஞ்சை இருக்கு."

யோகலிங்கம் காட்டியது எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த சதுரமான கறுப்பு மூடியை. அதில் குறுக்கே மூன்று கீறல் துவாரங்கள், திருநீற்றுக்கு என்றே வெட்டியதுபோல. அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் எஞ்சின் மூச்சு இழுக்கிறது, உள்ளே ஏர் ஃபில்டர் இருக்கிறது என்பது யோகலிங்கத்துக்கு நன்றாகவே தெரியும். வருடாவருடம் அதைக் கழற்றிச் சுத்தம் செய்பவரே அவர்தான். ஆனால் தெரிந்த விஷயம் பக்தி நேரத்தில் ஞாபகத்துக்கு வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெறும் திருநீறு பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை. ஒரு கைப்பிடி உள்ளே போனது. மிச்சத்தைத் தண்ணீரில் குழைத்து மூன்று குறி இழுத்தார். பழனிச்சாமிக்கு அது விதவைக்கோலமாகப் பட்டது. சந்தனத்தை அடைபோலத் தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பெட்ரோலுக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்தும் அளவுக்கு இருவரும் பக்திமான்கள் அல்ல. அதை வெளியே போய்க் கொளுத்தினார்கள்.

அடுத்தது பனி இயந்திரம். அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தும் அப்படியொரு மூடி கிடைக்கவில்லை.

"இதுக்குப் பில்டரே இல்லை, சாமி. பனிக்குள்ளை தூசி ஏது? பில்டர் போட்டா ஈரத்திலை அது விறைச்சுப் போயிடும். இது முகமில்லாமத்தான் பிறந்தது."

"மொகமில்லாததுக்கு எங்கீங்ணா பொட்டு வெக்கறது?"

அதனால் அதை அப்படியே விட்டார்கள். கடைசியாக, கண் திறந்துவிட வேண்டும் என்று புல்வெட்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டார்கள். அது இருமியது. பிறகு உடம்பை உலுக்கி ஆடியது.

"சாமி வந்திருக்குதுங்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் பழனிச்சாமி.

சாமி வந்த இயந்திரத்தை மூடி வைத்துவிட்டு, குளிர்காலம் முழுக்கப் பனி இயந்திரத்தோடு சந்தோசமாகக் காலம் கழித்தார் யோகலிங்கம். இருட்டுக் கொட்டிலில் சந்தனம் சீமெந்தாக இறுகியதை யாரும் பார்க்கவில்லை.

டுக்னாட் சனிக்கிழமை வெயிலோடு விடிந்தது. முற்றத்தில் ஆட்கள் இலைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். விமலாதேவி வாஃபிள் மேசையில் நின்றார். விற்பனையாளர் ஸ்டியான் மினுங்கும் சப்பாத்தோடு வந்து, தட்டையான ஆமை போன்ற ஒன்றைப் புல்லில் இறக்கினார். அது ஒரு வார்த்தை பேசாமல் போய்வந்து, வெட்டிய இடமே தெரியாதபடி வெட்டியது. எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

குன்வோர் கொட்டில் சாவியைக் கேட்டு வாங்கித் தன் மேலங்கிப் பையில் போட்டார். "முடிவு தெரியும்வரை" என்றார்.

யோகலிங்கம் கயிற்றை இழுத்தார். புல்வெட்டி ஒருமுறை கறுப்பாகப் புகை கக்கி, ஏப்பம் விட்டு, செத்தது. மறுபடி இழுத்தார். அதே ஏப்பம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கரி பிடித்து நனைந்திருந்தது. துடைத்துப் போட்டு இழுத்தார். புகை மட்டும் முன்னதைவிடக் கறுப்பாக வந்து, யாரோ தோய்த்துக் காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வைக்குப் போனது. யோகலிங்கத்துக்கு வியர்த்தது. குன்வோர் மேலங்கிப் பையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

விமலாதேவி கரண்டியோடு வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன இது, கோயில் வாசம் வருது?"

"பெற்றோல் வாசமப்பா."

"பெற்றோலிலை சந்தனம் எப்ப தொடக்கம் போடுகினம்?" குனிந்து பார்த்தார். கறுப்பு மூடி மேல் பாறையாய்க் காய்ந்திருந்ததைக் கரண்டிக் காம்பால் தட்டினார். 'டக்' என்றது. ஐப்பசியில் யோகலிங்கம் வீட்டில் வந்து அளந்த பூசைக் கதை அவருக்கு ஞாபகம் வந்தது. "பனி மெஷினுக்கு முகமில்லை எண்டு பொட்டு வைக்காமல் விட்டனீங்கள். அது குளிர் முழுக்க ஓடினது. இதுக்கு நீங்கள் ரெண்டுபேரும் சேந்து மூக்கை அடைச்சுப்போட்டு இப்ப ஓடெண்டால் எப்பிடி ஓடும்?"

யோகலிங்கம் பழனிச்சாமியைப் பார்த்தார். பழனிச்சாமி வானத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, சாமி குத்தமாகிப் போகுமுங்களே."

"சாமிக்கு மூச்சுவிடத் தெரியும் அண்ணை. இதுக்கு விடேலாமல் கிடக்கு. கழட்டுங்கோ."

மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஈரமாக்கிக் கழுவக்கூடிய ஒரு ஸ்பொஞ்ச்சும், அதன் பின்னால் மடிப்பு மடிப்பாகக் கடதாசி ஃபில்டரும். இரண்டும் திருநீற்றில் குளித்திருந்தன. விமலாதேவி ஸ்பொஞ்ச்சை வாங்கி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரில் போட்டார். கடதாசியைக் கழுவக்கூடாது, மெல்லத் தட்ட வேண்டும். யோகலிங்கம் அதை நிலத்தில் தட்டப்போனார்.

"அண்ணா! துண்ணூறுங்க. கீழ கொட்டப்படாதுங்க."

அதுவும் நியாயம். யோகலிங்கம் உள்ளங்கையில் தட்டித் தட்டி நெற்றியில் பூசினார். நெற்றி போதாமல் பழனிச்சாமிக்கும் பூசினார். அதுவும் போதாமல் கைகளிலும் கழுத்திலும் பூசிக்கொண்டார்கள். போன வருடத்துப் புல்தூசியும் கலந்து, பச்சை படர்ந்த சாம்பல் நிறத்தில் இரண்டு சாமியார்கள் புல்வெட்டிக்கு முன் முழந்தாளில் நின்றார்கள்.

"இது என்ன?" என்று கேட்டார் குன்வோர்.

"பராமரிப்பு முறை" என்றார் யோகலிங்கம், முகம் அசையாமல்.

மூடியின் துவாரங்களைப் பழனிச்சாமி இறைச்சி சுடும் குச்சியால் தோண்டத் தொடங்கினார். ஆனால் ஸ்பொஞ்ச் காய வேண்டும். ஈரத்தோடு போட்டால் எஞ்சின் தண்ணீரைத்தான் குடிக்கும். குன்வோர் மணிக்கூட்டைப் பார்க்க ஆரம்பித்தார். யோகலிங்கத்துக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. எழுந்து நின்று தொண்டையைச் செருமி, நோர்வேஜிய மொழியில் தொடங்கினார்.

"ஒரு மாசி மாதம், காட்டோரத் தரிப்பிடத்தில் ஒரு எல்க் மான் கை காட்டியது."

வாருகோல்கள் நின்றன.

"நான் நிறுத்தினேன். நிறுத்தாமல் போனால் முறைப்பாடு எழுதுவார்கள். முன்கதவில் கொம்பு சிக்கியதால் நடுக்கதவால் ஏறியது. குழந்தை வண்டி நிறுத்தும் இடத்தில் ஒழுங்காக நின்றது. ஒரு கிழவி ஏறியபோது, அது அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. இரண்டு தரிப்பிடம் கழித்து மணியைக் கொம்பால் அமத்தியது. அது இறங்கவில்லை. சும்மா அமத்திப் பார்த்திருக்கிறது. நான் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டது. அப்போதுதான் டிக்கெட் பரிசோதகர் ஏறினார்."

இதே நேரம் வாஃபிள் மேசையில் இன்னொன்று நடந்தது. விமலாதேவி ஸ்பொஞ்ச்சைத் துவாயில் சுருட்டிப் பிழிந்து, வாஃபிள் இரும்புக்குப் பக்கத்தில் சூடு படும்படி ஒரு தட்டில் வைத்திருந்தார். சந்தனமும் குங்குமமும் ஊறிப்போய் அது நல்ல பொன்னிறத்தில் இருந்தது. கதையில் வாய்பிளந்து நின்ற ஸ்டியான், கண்ணை எடுக்காமலே தட்டுக்குக் கையை நீட்டினார். மேலே ஸ்ட்ரோபெரி ஜாமைத் தடவினார். ஒரு மூலையைக் கடித்தார்.

மென்றார். நெடுநேரம் மென்றார்.

"தம்பி, அது எங்கடை பில்டர்" என்று விமலாதேவி அவருடைய மொழியில் சொன்னார்.

ஸ்டியான் நல்ல குடும்பத்துப் பிள்ளை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "நன்றாக இருக்கிறது, கொஞ்சம் இறுக்கம்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் ரோபோவைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார்.

ஜாமைக் கழுவி, மறுபடி பிழிந்து, காய்ந்ததைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபின், விமலாதேவி ஸ்பொஞ்ச்சை யோகலிங்கத்திடம் கொடுத்தார். அவர் கதையைப் பரிசோதகரோடு நிறுத்திவிட்டு வந்து, எஞ்சின் எண்ணெய் சில சொட்டு விட்டு, எல்லாப் பக்கமும் ஊறப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்து விட்டார். நல்ல காலம், பல் பட்டது ஓரத்து மூலையில். அங்கே காற்றுக்கு வேலையில்லை. கடதாசியை முதலில் வைத்தார், மேலே ஸ்பொஞ்ச், அதன்மேல் சுத்தமான மூடி. கயிற்றைப் பிடித்தார்.

"முருகா" என்றார் பழனிச்சாமி. குங்குமச் சிமிழைச் சட்டைப்பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டார்.

ஒரே இழுப்பு. புல்வெட்டி ஒரு தும்மல் போட்டது. முற்றம் முழுக்க மெல்லிய வெள்ளைத் தூள் பறந்து, குனிந்து நின்றவர் நிமிர்ந்தவர் எல்லோருக்கும் சமமாகத் திருநீறு கிடைத்தது. பிறகு அது பூனைபோல உறுமிக்கொண்டு நின்றது. அன்று ஸ்டோவ்னர் நிலையத்தில் இறங்கியவர்கள்கூட எங்கே திருவிழா என்று விசாரித்ததாகச் சொல்கிறார்கள். சந்தன வாசம் அடுத்த நகரமான லில்லெஸ்ட்ரோம்வரை போனதாகவும் சொல்கிறார்கள். அதை நான் நம்பவில்லை. காற்று அன்று மற்றப் பக்கம்.

யோகலிங்கம் புல்வெட்டிக்குப் பின்னால் நடந்தார். பல்கனியில் இருந்து யாரோ கை காட்டினார்கள். ஒரு விரலை உயர்த்தினார். ரோபோ குறுக்கே வந்தது. அவர் நிற்கவில்லை, அதுதான் நின்று வழி விட்டது.

திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தியபோது, குன்வோர் தன் நெற்றியில் விழுந்த தூளைத் துடைக்காமலே முன்னால் நின்றார். பையில் இருந்து சாவியை எடுத்தார். கொடுக்கவில்லை. விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டார்.

"இரண்டு விஷயம்" என்றார். "இனி இதன் முகத்தில் யாரும் ஒன்றும் பூசக்கூடாது."

யோகலிங்கம் அதைப் பழனிச்சாமிக்குத் தமிழில் சொன்னார். பழனிச்சாமி புல்வெட்டியை மேலும் கீழும் பார்த்து, கைப்பிடியில் கண் நிலைகுத்தி நின்றார்.

"கைப்புடியில வெச்சா மூச்சு முட்டாதுங்களே, அண்ணா?"

"கைக்கு மூக்கில்லை, சாமி. அங்கை வைக்கலாம்." யோகலிங்கம் குன்வோரிடம் திரும்பி, "அவர் சம்மதிக்கிறார்" என்றார். "இரண்டாவது?"

குன்வோர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பரிசோதகர் ஏறினாரே. அந்த எல்க்கிடம் டிக்கெட் இருந்ததா?"

யோகலிங்கத்தின் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. சாவியை வாங்கிப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"மாதச் சீட்டே இருந்தது" என்றார். "முதியவர்களுக்கான அரைக் கட்டணம். அதன் வயதைக் கேட்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது."