வாளித்தலையன் தீர்ப்பு

கீழ்வீட்டுத் தையல்காரிக்கும் மாடிவீட்டு நாத்தனாருக்கும் ஆகாது என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும். கீழே ஒரு வாய் வாங்கித் தின்றால் மாடிப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காது அது. நடுவில் கிடந்து நசுங்கும் அண்ணன்காரருக்குத் தெரு வைத்த பெயர் சமாதானம். மனைவி கத்தினால் 'அதானே' என்பார், தங்கை கத்தினால் 'அதுவும் சரிதானே' என்பார். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினால் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஈரத்துணியாக இருந்தாலும் எடுத்து மடித்துக்கொண்டிருப்பார்.

சண்டையெல்லாம் வாசலறைக்காக. தெருவைப் பார்த்த அறை, பெரிய ஜன்னல், தனிக் கதவு. மாமனார் கீழ்வீட்டை மகனுக்கும் மாடியை மகளுக்கும் பிரித்துக் கொடுத்தவர், இந்த ஓர் அறையை மட்டும் யாருக்கென்று சொல்லாமல் கண்ணை மூடிவிட்டார். தையல்காரிக்குச் சமையலறை மூலையில் மிஷின். தாளிக்கும் நெடி ஏறிய ஜாக்கெட்டை எந்த மகராசி வந்து வாங்குவாள்? நாத்தனாருக்கு மாடியில் பார்லர். புருவம் திருத்த வருகிறவர்கள் படியேறி மூச்சிரைத்து, வியர்த்து, போட்ட பவுடரெல்லாம் வழிய வந்து உட்காருவார்கள். அந்த அறை கிடைக்கிறவளுக்குப் பிழைப்பு, கிடைக்காதவளுக்கு வயிற்றெரிச்சல்.

இவர்களுக்குள் ஒத்துப்போன விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வாளித்தலையன்.

அது ஒரு பழைய வீடியோ கேம். தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு குள்ளன் இடமிருந்து வலமாக ஓடுவான். குழி வந்தால் தாண்ட வேண்டும், நத்தை வந்தால் மிதிக்க வேண்டும், ஆடும் பலகை வந்தால் நேரம் பார்த்து ஏற வேண்டும். கடைசியில் ஒரு மணி. அதை அடித்தால் மறுபடி முதலிலிருந்து. தையல்காரி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், அப்போது ஒல்லிக்குச்சியாக இருந்த நாத்தனார்தான், கேசட்டை வாயால் ஊதிச் செருகி, "வாங்க அண்ணி" என்று பக்கத்தில் உட்காரவைத்தாள். பிள்ளைகள் பெற்று, அந்தப் பிள்ளைகள் வெளியூர் போய், முடிக்குச் சாயம் பூசும் வயது வந்தும் இருவரும் விடவில்லை. நடுவில் சமாதானம் ஒரு புது கேம் வாங்கி வந்தார். மலை, ஆறு, மழை, எல்லாம் அசல்போலவே இருந்தது. கதாநாயகன் குதிரைமேல் உட்கார்ந்து தன் சோகக்கதையைச் சொல்ல ஆரம்பித்தான், சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான்.

"இவன் எப்பங்க குதிப்பான்?" என்றாள் தையல்காரி.

"இவன் குதிக்கமாட்டான் அண்ணி. நாமதான் மாடிலேருந்து குதிக்கணும்" என்றாள் நாத்தனார். அன்றே வாளித்தலையன் திரும்பி வந்தான்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாள். "அதுல விழுந்தா விழுந்தவ தப்பு. அவ்ளோதான். யார்மேலயும் பழி போட முடியாது" என்றாள் தையல்காரி. பால் திரிந்தாலும் குழாய் ஒழுகினாலும் நீயா நானா என்று பழி சுமத்திக்கொள்ளும் அந்த வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எதிர்வீட்டு அம்மாளுக்குப் புரியவில்லை. அவள் வீட்டில் பழியெல்லாம் புருஷன் தலையில் என்று எப்போதோ முடிவாகிவிட்டது.

வாசலறைச் சண்டை முற்றியதும் சேர்ந்து ஆடுவது நின்றது. கேம் பெட்டி ஒரு வாரம் கீழே, ஒரு வாரம் மேலே என்று ஏற்பாடு. அதைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்குவது சமாதானத்தின் வேலை. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சலித்துப்போய்ச் சொன்னார்: "இதையே ஒரு ஆட்டம் ஆடி, யார் அதிக தூரம் போறீங்களோ அவங்க அறைய எடுத்துக்குங்களேன்."

பாவம், வேடிக்கைக்குச் சொன்னார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், "சரி" என்றார்கள்.

ஆளுக்கு ஒரே உயிர், ஆட்டம் கீழ்வீட்டுக் கூடத்தில், வருகிற விடுமுறை நாளில் என்று பேச்சு. அதற்கு முன் வாரம் நாத்தனார் அதிசயமாகச் சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். பின்னாலேயே சுவரளவு ஒரு தட்டை டிவி.

"அண்ணனுக்கு என் பரிசு. என்கிட்ட இருக்கிற அதே மாதிரி."

தையல்காரிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. இவள் கொடுத்து நாம் வாங்கியதாகச் சரித்திரமே இல்லையே! ஆனால் சும்மா வருகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? பார்க்கவில்லை. பழைய குண்டு டிவியை அன்றே மூலைக்கடைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டாள். நல்ல நீல வாளி. கேம் பெட்டி அந்த வாரம் மேலே இருந்ததால் புது டிவியில் அவள் ஆடிப் பார்க்கவும் இல்லை.

ஆட்ட நாளில் அவளே முதலில் உட்கார்ந்தாள். முதல் குழியை நூலிழையில் தாண்டினான் வாளித்தலையன். நத்தையை மிதிக்கப் போய் இடித்துக்கொள்ளப் பார்த்தான். ஆடும் பலகையில் அவள் சரியான நேரத்தில்தான் அழுத்தினாள். அதில் அவள் கட்டைவிரலுக்குச் சந்தேகமே இல்லை. வாளித்தலையன் பலகை நுனியில் ஒரு மூச்சு யோசித்துவிட்டு, குழிக்குள் போனான்.

கண்ணை மூடிக்கொண்டு தாண்டும் இடம் அது.

நாத்தனார் உட்கார்ந்தாள். மணி வரைக்கும் போய் அதை அடித்துவிட்டு எழுந்தாள்.

"ஜாய்ஸ்டிக்ல ஏதோ..." என்று ஆரம்பித்தாள் தையல்காரி.

"அதே ஜாய்ஸ்டிக்லதானே நானும் ஆடினேன்? விழுந்தா விழுந்தவ தப்புன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே அண்ணி. இப்ப என்ன, வாய் குழறுது?"

"அதுவும் சரிதானே" என்றார் சமாதானம். மனைவி பார்த்த பார்வையில் துணி எடுக்கப் போய்விட்டார்.

தன் வாயால் சொன்னது தன் காலையே சுற்றிக்கொண்டது. தையல்காரி வாசலறைச் சாவியைக் கொடுத்தாள். மாடியிலிருந்து அன்று முழுக்கப் பாட்டுச் சத்தம். நாத்தனாருக்குப் பாட வராது என்பது வேறு விஷயம்.

மறுநாள் வாசலறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தாயிற்று. தையல்காரிக்கு வேலை ஓடவில்லை. மிஷினின் பெல்ட் தளர்ந்திருந்தது. பெடலை மிதித்தால் சக்கரம் உடனே வராமல், சோம்பேறிக் கழுதைபோல, பிறகு வந்தது. இரண்டு தடவை மிதித்தாள். மூன்றாவது தடவை காலைத் தூக்கியவள் மிதிக்காமலே எழுந்தாள்.

கூடத்துக்குப் போய்க் கேமைப் போட்டாள். ஓடவில்லை, குழிப்பக்கம் போகவில்லை. வாளித்தலையனை நிற்கவைத்து பட்டனை மட்டும் அழுத்தினாள். டக். பிறகுதான் குதித்தான். டக். பிறகுதான். காதில் சத்தம் விழுந்து, அதற்கப்புறம் கண்ணில் குதி. புது டிவிக்குப் பெல்ட் தளர்ந்திருக்கிறது!

மேலே இவளுக்கும் இதே டிவிதானே? மாதக்கணக்கில் அதில் ஆடுகிறவளுக்கு இது தெரியாமலா போயிருக்கும்? முன்கூட்டியே அழுத்திப் பழகி, வாயை மூடிக்கொண்டு, அதே டிவியைப் பரிசென்று கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

படியேறிப் போய், புருவம் திருத்திக்கொண்டிருந்த நாத்தனாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நாற்காலியில் சாய்ந்திருந்தவள் ஒற்றைப் புருவத்தோடு காதைத் தீட்டிக்கொண்டாள். தெருவுக்கு விஷயம் இப்படித்தான் வந்தது.

"ஓசி டிவின்னதும் வாயப் பொளந்தது யாரு? இப்ப டிவிமேல பழியா?" என்றாள் நாத்தனார், நூலை வாயிலிருந்து எடுக்காமலே. "அவ்ளோ சந்தேகம்னா பழைய டிவிலயே ஆடுவோம். கொண்டாங்க பாப்போம்."

கொண்டுவர முடியாது என்ற தைரியம் அவளுக்கு. தையல்காரி கீழே இறங்கி, நீல வாளியில் இருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வாளியோடு மூலைக்கடைக்குப் போனாள்.

"குடுத்தத திருப்பிக் கேக்குறது நல்லாவா இருக்கு?" என்றார் பழைய சாமான்காரர். அவர் டீ கிளாஸ் அந்த டிவியின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது.

"வாளி புதுசாவே இருக்கு. கிளாஸ எடுங்கண்ணே."

தள்ளுவண்டியில் குண்டு டிவி வீடு திரும்பியதைத் தெருவே பார்த்தது. ஒற்றைப் புருவக்காரி மீதியைத் திருத்திக்கொள்ளாமல் முன்வரிசையில் நின்றாள். இத்தனை பேர் முன்னால் நாத்தனாரால் பின்வாங்க முடியவில்லை.

"இப்ப நீ முதல்ல" என்றாள் தையல்காரி.

வாளித்தலையன் ஓடினான். முதல் குழி, குழந்தைகூடத் தாண்டும் குழி, வந்தது. நாத்தனாரின் கட்டைவிரல் பழக்கத்தில் முந்திக்கொண்டது. இந்த டிவியிலோ அழுத்தியவுடன் குதி. குழிக்கு வெகு முன்னாலேயே எம்பியவன், அக்கரைக்கு எட்டாமல் நேராக உள்ளே போனான்.

"விழுந்தா யார் தப்பு?" என்றாள் தையல்காரி.

தையல்காரி ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். அந்த முதல் குழியை மட்டும் தாண்டினாள். தாண்டி, வாளித்தலையனை அங்கேயே நிற்கவைத்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துச் சாவிக்குக் கையை நீட்டினாள். மணி வரைக்கும் போயிருந்தால்கூட நாத்தனாருக்கு இத்தனை எரிந்திருக்காது.

"அதானே" என்றார் சமாதானம், யாரும் கேட்காமலே.

சுண்ணாம்பு காய்ந்ததும் மிஷின் வாசலறைக்குப் போனது, பக்கத்தில் குண்டு டிவியும். தட்டை டிவியைத் திருப்பித் தரவில்லை. பரிசைத் திருப்பினால் மரியாதை இல்லையாம்.

அடுத்த வாரம் கேம் பெட்டி மேலே போக வேண்டிய முறை. சமாதானம் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு தயாராக இருந்தார். அதற்குள் நாத்தனாரே இறங்கி வந்து வாசலறைக் கதவருகே நின்றாள்.

"உங்கள பாக்க வரல. கை கெட்டுப்போச்சு. அந்த டிவில கொஞ்சம் சரி பண்ணணும்."

"உள்ள வர்றதுன்னா செருப்ப வெளிய விடு. இது என் கடை."

நாத்தனார் செருப்பைக் கழற்றி, சரியாக வாசற்படியின் நடுவில் விட்டாள், வருகிறவர்கள் இடறட்டும் என்று. உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தையல்காரி இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் எடுத்துப் பார்த்து, பட்டன் ஒட்டிக்கொள்கிற ஜாய்ஸ்டிக்கை அவள் மடியில் போட்டாள்.