வோர்சோவிலிருந்து பாரிஸ்வரை

புதுக்குடியிருப்புச் சந்திக்குப் பக்கத்தில், விமான ரிக்கெற் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் பிரேமினிக்கு வேலை. கனடாவுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள், கட்டாருக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேருக்கு அவள் வழி பார்த்துக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய வீட்டில் விமானம் ஏறியவர்கள் இரண்டு பேர்தான். அண்ணன் றொசான் சண்டை முடிந்த அடுத்த வருடம் பிரான்சுக்குப் போய் அகதியாகப் பதிந்தவன். திரும்பி ஊருக்கு வர முடியாது. தம்பி டினோஜன் பிறகு போனான். போய்ச் சேரவில்லை.

பெலாருஸ்வரை விமானம், அங்கிருந்து காட்டு வழியாகப் போலந்து, பிறகு யாரோ ஒருவருடைய காரில் ஜேர்மனியைக் கடந்து பாரிஸில் றொசானின் வீடு. டினோஜனுக்குச் சொல்லப்பட்ட வழி அதுதான். மார்கழி மாதக் குளிரில் காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. சப்பாத்து நனைந்துவிட்டது, கால் விறைக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்றான். பிறகு எடுக்கவேயில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் கழிந்து, காணாமல்போனவர்களைத் தேடும் ஓர் அமைப்பு தாய் மார்கிறட்டின் எச்சிலை எடுத்துக்கொண்டு போய் மரபணுவைப் பரிசோதித்தது. போலந்துக் கிராமம் ஒன்றின் சேமக்காலையில் பெயரில்லாமல் அடக்கம் செய்யப்பட்டிருந்தவன் டினோஜன்தான் என்று தெரியவந்தது.

செய்தி வந்த அன்று மார்கிறட் கடற்கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிரேமினி சொல்லி முடித்ததும் கையைச் சீலையில் துடைத்தாள்.

"அந்த இடத்தை நான் பாக்கவேணும்" என்றாள். "உங்கட அப்பாவைத் தாட்ட இடத்துக்குத்தான் போகேலாமப் போச்சு."

தகப்பன் அந்தோனிமுத்துவைக் கடைசிச் சண்டையில் வீதியோரம் புதைத்துவிட்டு ஓடிவந்திருந்தார்கள். அந்தக் காணி இப்போது இராணுவத்தின் முள்வேலிக்குள் இருந்தது.

பிரேமினி அன்றிரவே திட்டம் போடத் தொடங்கினாள். கொழும்பிலிருந்து டோகா, டோகாவிலிருந்து வோர்சோ. திரும்பி வருவது பாரிஸிலிருந்து. இடைப்பட்ட தூரத்துக்கு றொசான் ஓட்டும் கார். வோர்சோவிலிருந்து பாரிசுக்கு இரண்டு மணித்தியாலத்தில் விமானத்தில் போகலாம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளுடைய மனதில் வேறொரு கணக்கு இருந்தது.

அந்த வழி நல்லது என்று சொல்லி டினோஜனைக் கூப்பிட்டவன் றொசான். அதைப் பற்றி மார்கிறட் ஒரு சொல் கேட்டதில்லை. ஏசியிருந்தால்கூட நல்லது. றொசான் தொலைபேசியில் வரும்போது "சாப்பிட்டியோ, பிள்ளையள் சுகமோ" என்று கேட்டுவிட்டு, பிரேமினியின் கையில் போனைக் கொடுத்துவிடுவாள். சேமக்காலைக்குப் போன பிறகு இரண்டு நாள் ஒரே காருக்குள் தாயும் மகனும் இருந்தால், எங்கேயாவது ஓரிடத்தில் வாய் திறப்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவள் விமானத்தைத் தள்ளி வைத்தாள்.

கார்தான் பெரிய தலையிடியாக இருந்தது. போலந்தில் எடுத்துப் பிரான்சில் விடுவதற்கு ஒரு கொம்பனியைத் தவிர வேறொன்றும் சம்மதிக்கவில்லை. அது சொன்ன விலை றொசானுக்குக் கட்டுப்படியாகவில்லை.

"அண்ணா, நீங்கள் பாரிஸில எடுத்து, பாரிஸிலயே திருப்பி விடுங்கோ" என்றாள் பிரேமினி. "போகேக்க தனியப் போங்கோ. வரேக்க அம்மாவோட வரலாம். ஆனா போலந்துக்குள்ள கொண்டுபோறம் எண்டு முதலே சொல்லி எழுத்தில வாங்கவேணும். சொல்லாமப் போனா இன்சூரன்ஸ் செல்லாது."

"என்ர காரில போனா என்ன?"

"அந்தப் பழங்காரிலயோ? காட்டுப்பக்கம் நிண்டுபோச்செண்டால் ஆர் வாறது?"

"அம்மா என்னோட வருவாவோ?" என்று கேட்டான்.

"வருவா" என்றாள் பிரேமினி. தாயிடம் அதை அவள் கேட்டிருக்கவில்லை.

விசாவுக்குத் தாயும் மகளுமாகச் சேர்ந்தே போட்டார்கள். மார்கிறட்டுக்குக் கிடைத்தது. பிரேமினிக்கு மறுத்துவிட்டார்கள். கலியாணம் கட்டாதவள், திரும்பி வருவாள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றிருந்தது. கடையில் இப்படியான மறுப்புகளை வாசித்து ஆட்களுக்கு விளக்கம் சொல்வது அவளுடைய வேலைகளில் ஒன்று. தன்னுடையதை ஒருமுறை வாசித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு திட்டத்தை முதலிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது. மார்கிறட்டுக்கு இங்கிலிசு தெரியாது. டோகாவில் விமானம் மாறுவது எப்படி? சக்கரக்கதிரை கேட்டுப் பதிந்தாள். அப்படிப் பதிந்தால் விமான நிலையத்து ஆட்களே வாசலில் ஏற்றி, அடுத்த விமானத்தின் வாசலில் கொண்டுபோய் விடுவார்கள்.

"எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு" என்றாள் மார்கிறட். மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கிற கால்.

"ஏலாத மாதிரி இருங்கோ அம்மா. எழும்பி நடந்தீங்களெண்டால் விட்டிட்டுப் போயிடுவாங்கள்."

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மார்கிறட் அந்தக் கதிரையில் கூனிக்கொண்டு இருந்தாள். கையில் கடவுச்சீட்டும் செபமாலையும். தள்ளிக்கொண்டு போகையில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா இருக்கச் சொன்னதால் கழுத்தைக்கூட அசைக்கக்கூடாது என்று நினைத்தாளோ என்று பிரேமினிக்குத் தோன்றியது.

மறுநாள் பின்னேரம் கடையில் இருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. பிரேமினி கடையின் பின்பக்கம் போய் எடுத்தாள். நெட்டையான பைன் மரங்கள், ஈர மண், ஒரு மரச்சிலுவை. முன்பு நம்பர் இருந்த இடத்தில் டினோஜனின் பெயரை எழுதியிருந்தார்கள். மார்கிறட் றொசானின் பெரிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு மண்ணில் குந்தியிருந்தாள். அழவில்லை. உள்ளங்கையை மண்ணில் வைத்திருந்தாள்.

"குளிர்மண் பிள்ளை" என்றாள். "கையை வைக்கேலாமக் கிடக்கு."

பிறகு றொசானிடமிருந்து போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அவனை எடுத்த இடத்தையும் காட்டினவங்கள். றோட்டுக்குக் கிட்டத்தான் பிள்ளை. அதில நிண்டால் லொறிச் சத்தம் கேக்குது. சத்தம் கேட்டும் எழும்பேலாமக் கிடந்திருக்கிறான்."

கடைக்குள் யாரோ பிரேமினியைக் கூப்பிட்டார்கள்.

"எனக்குப் பாரிஸ் வேண்டாம்" என்றாள் மார்கிறட். "வந்த அலுவல் முடிஞ்சுது. இஞ்ச இருந்தே திரும்பிற மாதிரி ரிக்கெற்றை மாத்து."

அவளுக்குப் பின்னால் றொசான் நிற்பது பாதி தெரிந்தது. பதினாலு வருடத்துக்குப் பிறகு தாயைக் கண்டவன். வீட்டில் தாய்க்கென்று ஓர் அறையை ஒதுக்கி, பிள்ளைகளை ஒரு கட்டிலில் படுக்க விட்டிருந்தான். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாத்தேலாது அம்மா" என்றாள் பிரேமினி. "இந்த ரிக்கெற் பாரிஸிலயிருந்து மட்டுந்தான். கொம்பனி விடாது."

பொய். கொஞ்சம் காசு கட்டினால் மாற்றலாம். அதே மாதிரி ரிக்கெற்றைப் போன கிழமைதான் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள்.

மார்கிறட் போனைக் கொடுத்துவிட்டு எழும்பினாள்.

அடுத்த நாள் முழுக்க பிரேமினி போனை விட்டுக் கை எடுக்கவில்லை. இரண்டே செய்திகள் வந்தன. 'ஜேர்மனிக்குள்ள வந்திட்டம். அம்மா சாப்பிட்டவா. கதைக்கேல்லை.' பிறகு நடுச்சாமத்தில்: 'வீட்டை வந்திட்டம்.' அதற்கு மேல் றொசான் ஒன்றும் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்து மார்கிறட் திரும்பி வந்தாள். கட்டுநாயக்காவிலிருந்து வந்த பஸ், வவுனியாவில் தேத்தண்ணிக்கு நின்றது. தாயும் மகளும் இறங்கி ஒரு கடை வாங்கில் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றி மார்கிறட் கொஞ்சம் சொன்னாள். மூத்தவனுக்குத் தமிழ் விளங்கும், கதைக்க வராது. சின்னவள் இரவில் தன்னுடைய கட்டிலுக்கு வந்துவிடுவாள்.

"அண்ணாவோட கதைச்சீங்களோ அம்மா?"

மார்கிறட் தேத்தண்ணியை வாங்கில் வைத்தாள்.

"வாற வழியில ஒரு பெற்றோல் செட்டில நிப்பாட்டினவன். ஸ்ரேறிங்கில தலையை வைச்சுக்கொண்டு அழுதான். கனநேரம். நான் பக்கத்திலதான் இருந்தனான்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்ல? உன்னில பிழையில்லை எண்டு சொல்லவேணும். வாய் வரேல்லை பிள்ளை. எனக்கு இன்னும் வரேல்லை."

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். இருவரும் உடனே எழும்பவில்லை.

"ரிக்கெற்றை மாத்தலாமாம்" என்றாள் மார்கிறட். "நீ போனை வைச்சவுடன அவன் சொன்னவன். 'தங்கச்சி பொய் சொல்லுறாள், உங்களுக்கு விருப்பமெண்டால் நான் எயார்போட்டில கொண்டுபோய் விடுறன்' எண்டான்."

பிரேமினி தாயின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஏ-ஒன்பது வீதியைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் காரில ஏறினீங்கள்?"

"அவன் தனிய எப்பிடி அவ்வளவு தூரம் ஓடுறது" என்றாள் மார்கிறட். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள்.