சுணை இலைச் செடி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கோயில், சர்ச், தர்கா மூன்றின் மேலும் சத்தியம். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று சாட்சி சொல்லும்.

வைட்ஃபீல்டில் ஒரு விதைக் கம்பெனி. அதன் கண்ணாடிக் கூடாரத்தில் யூனிஸ் பருத்தி மொட்டுகளை உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மலரப்போகும் மொட்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, சூல்முடியில் கீறல் படாமல் மகரந்தப் பைகளை எடுத்து, சிவப்புத் தாள் உறை மாட்ட வேண்டும். காலையில் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். அந்த ஒரு நகத்தை நம்பித்தான் பதினோரு வருஷமாகக் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்தாள். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

கூடாரத்தில் தொள்ளாயிரம் செடிகள், எல்லாம் ஒரே தாய்வழி. ஒன்று தும்மினால் தொள்ளாயிரமும் தும்மும். கடைசி வரிசையில் மட்டும் ஒரு குட்டைச் செடி. எந்தப் பழைய விதைப் பொட்டலத்திலிருந்து வந்த காட்டுப் பருத்தியோ. இலையெல்லாம் சுணை, தொட்டால் அரிக்கும் பொடி மயிர்; பஞ்சு காவி நிறம்.

"வேற மாதிரி இருந்தா புடுங்கிப் போடணும். ரூல் தெரியுமில்ல?" என்றார் சூப்பர்வைசர் லாயிட்.

"இதுல மட்டும் பூச்சி குந்த மாட்டேங்குது சார். இலைக்கு அடியில பாருங்க."

"நீ சயின்டிஸ்டா?"

"இல்ல சார். தினமும் பாக்குறவ."

"பாத்தது போதும், புடுங்கு. இல்லன்னா நாளையிலருந்து வராத."

யூனிஸ் பிடுங்கினாள், வேரோடும் மண்ணோடும். பழைய பெயின்ட் டப்பாவில் வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தாள்.

"உன் வேலையும் போகும், என் கெலசமும் போகும்டி" என்று திட்டிக்கொண்டே, கூட வேலை செய்யும் சந்திரம்மா டிபன் பாக்ஸ் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினாள்.

அந்த மாசமே இலைச்சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி வந்தது. வாசல் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, முறைப்படிதான் உள்ளே வந்தது. ஒன்பது நாளில் தொள்ளாயிரமும் ஓரம் சிவந்து, சுருண்டு, கருகின. பெயின்ட் டப்பாவுக்கும் போனது. சுணையில் காலூன்ற முடியவில்லை, முட்டை வைக்க இடமில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியது.

விஞ்ஞானி மைதிலி, காய்ந்த வரிசைகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். யூனிஸ் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இத எப்படிம்மா காப்பாத்தின?"

"சொன்ன பேச்சு கேக்கல மேடம்."

அந்தச் சுணையைப் புது ரகத்தில் ஏற்றும் கலப்பு முழுவதையும் யூனிஸின் நகம்தான் செய்தது. இருநூறு மொட்டு, ஒன்றுகூட உதிரவில்லை. காய் வெடித்த வாரம் லாயிட் ஒரு தாளை நீட்டினார். உத்தரவை மீறிச் செடியை மறைத்த குற்றத்துக்காக வேலை நீக்கம்.

"செடி வேணும், மறைச்சவ வேணாமா சார்?"

"ரூல்ம்மா. நான் என்ன பண்ண?"

"அந்த ரூலைப் பூச்சிக்கிட்ட காட்டியிருக்கலாமே. அதையும் தின்னுட்டுப் போயிருக்கும்."

வாசலில் அவள் பையைக் கவிழ்த்துச் சோதித்தார்கள், விதை கொண்டுபோகிறாளா என்று. நகத்துக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

இப்போது கம்பெனி வரவேற்பறையில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சுணை இலை, அதைப் பிடித்திருக்கும் கட்டைவிரல், நீண்ட நகம். படத்தை மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறார்கள். கீழே விருது வாங்கியவர்களின் பெயர்கள்.

வருகைப் பதிவேட்டை நானே புரட்டிப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் யூனிஸ் என்ற பெயர் அதில் ஒருநாளும் இல்லை.