ஃபிர்மேன் கண்டுபிடித்த குற்றங்கள்

கார்க்கைப் பிடுங்கியதும் பாட்டில் புஸ்ஸென்றது. "சத்தம் மட்டும் ஜோரா இருக்கு," என்றார் ஃபிர்மேன். இன்னும் ஒரு சொட்டு வாயில் படவில்லை. பீரைக் காய்ச்சிய எல்வீருக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

எனோ மாகாணத்தின் அந்த மூலையில், ஊர்த் திருவிழாவில் ஊற்றாத பீரை எந்த மதுக்கடையும் வாங்காது. எதை ஊற்றலாம் என்று சொல்வது பீர்ச் சபை. தலைவி ஓடில் தன் கிளாஸை முடித்து மேஜையில் வைத்துவிட்டாள். சபையில் மீதி இருந்தது ஃபிர்மேன், அவரும் சம்மதிக்க வேண்டும். அவருடைய பண்ணை பீர்தான் இத்தனை வருடங்களாகத் திருவிழாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்வீரின் செர்ரி பீர் உள்ளே வருவதை அவர் எதற்கு விரும்பப் போகிறார்?

வாய்ப்பேச்சைச் சபை கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் ஆளுக்கு ஆள் சொந்தம். நாக்கு எப்படியும் வளையும். கிளாஸ்தான் சாட்சி. பிடிக்கவில்லை என்றால் பாதியிலேயே தரையில் கவிழ்க்க வேண்டும். காலி செய்தால் சம்மதம். ஒருவருக்கு ஒரு கிளாஸ். வயலில் வேலை செய்கிறவனுக்காகக் காய்ச்சிய பீர் என்பதால் துப்புவது பெருங்கேவலம்.

ஃபிர்மேன் ஒரு வாய் குடித்தார்.

"இது பீரா, ஜாமா? ரொட்டி இருந்தா கொடு, தடவிக்கறேன்."

அடுத்த வாய்க்கு, குதிரை லாயத்து வாடை என்றார். அதற்கடுத்து, நுரைக்கு ஆயுள் இல்லை என்றார். பிறகு கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, நிதானமாக ஒரு மிடறு இறக்கினார்.

"பழம் ஒரு பக்கம் நிக்குது, பீர் ஒரு பக்கம் நிக்குது. கோவிச்சுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி. அவசரப்பட்டுப் பாட்டில்ல அடைச்சுட்ட, இல்ல?"

எல்வீருக்குச் சுருக்கென்றது. மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல், இது மட்டும் நிஜம். திருவிழாவுக்கு எட்ட வேண்டுமே என்று செர்ரியைப் பீப்பாயில் முழுசாக ஊறவிடாமல் முன்கூட்டியே வடித்திருந்தாள். மனுஷனுக்குத் தொழில் தெரியும், அதுதான் கொடுமை. பதில் சொல்ல வாயெடுத்தவள், அவர் கையைப் பார்த்தாள்.

கிளாஸ் பாதிக்குக் கீழே போயிருந்தது.

எடுத்த பதிலை அப்படியே விழுங்கினாள். ஓடிலும் பார்த்துவிட்டாள், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கொட்டையோட கசப்பு தெரியுதா பெரியவரே?" என்று எல்வீர் பணிவாகக் கேட்டாள்.

தெரிகிறதா என்று அவர் குடித்துப் பார்த்தார். தெரிகிறது, அதுவும் ஒரு குற்றம் என்றார். புளிப்பு அதிகமோ என்று கேட்டாள். அதற்கும் குடித்தார், உன் மாமியார் முகத்தையே இனிப்பாக்கும் புளிப்பு என்றார். கடைசியில் மிளகுக் காரம் நிற்கிறதா என்றாள்.

"எங்க நிக்குது? தொண்டையிலயே செத்துப்போகுது," என்று அண்ணாந்து சரித்தார்.

கிளாஸை வைத்தபோதுதான் அடி வெறுமையாகத் தெரிந்தது. ஃபிர்மேனின் காது மடல் சிவந்தது. இன்னொரு கிளாஸ் ஊற்றச் சொன்னார். தீர்ப்பு இன்னும் முடியவில்லையாம்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதானே பெரியவரே. சபை வழக்கம்."

"ஓடில், நீ சொல்லு. நான் திட்டினது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?"

"நல்லா விழுந்துச்சு," என்றாள் ஓடில். "ஆனா திட்டு கிளாஸ்ல மிச்சம் இல்லையே."

எல்வீரின் செர்ரி பீர் இந்த ஆண்டு ஊற்றப்படும் என்று சொல்லிவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டாள்.

ஃபிர்மேன் வாசலில் நின்று திரும்பினார். திருவிழாவில் தன் கடை இவள் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்றும், வருகிற ஒவ்வொருவனிடமும் இது ஜாம் என்று சொல்லப்போவதாகவும் எச்சரித்தார்.

"தாராளமா சொல்லுங்க. ஆனா கையில என் கிளாஸ் இல்லாம சொல்லுங்க."

அவர் கேட்டைச் சாத்தாமலே வண்டியைக் கிளப்பினார். எல்வீர் நிலவறைக்கு இறங்கினாள். செர்ரியை இன்னும் வடிக்காத பீப்பாய் ஒன்று இருந்தது. அதை அவள் தொடவில்லை. ஊறட்டும்.